கிள்ளைப் படகுகளும் இன்ஜின் ஆயிலும்

பிச்சாவரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சுரபுன்னைக் காடும், அங்கே படமாக்கப்பட்ட 'இதயக்கனி'யும் (1975) தான். அந்தக் காட்டை ஒட்டிய கிள்ளைப் பகுதி மீனவர்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது படகின் பின்னால் இரைச்சலிடும் சின்ன இன்ஜினின் வரலாறு.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரை 1909-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தார். இந்திய மீன்பிடிப்பில் இன்ஜின் பரவ முக்கியக் காரணமும் நார்வேதான். 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கேரளத்தின் நீண்டகரையில் இன்ஜின் படகுகளை இறக்கியது. ஆனால் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்கள் வெகுகாலம் பாயையும் துடுப்பையுமே நம்பியிருந்தன. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் மணற்கரையில் இறங்கி ஏற வசதியாக, சிறு டீசல் இன்ஜின் பொருத்திய படகுகளைச் சோதித்துப் பார்த்தது.

பெரிய மாற்றம் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு வந்தது. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகிய குப்பங்களைச் சுனாமி சிதைத்தது. நிவாரணமாகத் தமிழகக் கரை முழுவதும் ஃபைபர் படகுகளும் இன்ஜின்களும் வந்தன. கட்டுமரம் பின்தங்கியது.

இங்கேதான் கணக்குப் பாடம் தொடங்குகிறது. இன்ஜின் தானமாகக் கிடைக்கலாம். தேய்மானத்தை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. காற்றுக்கு விலை கிடையாது. டீசலும் ஆயிலும் அப்படியல்ல. மீன் கிடைக்காத நாளிலும் அந்தச் செலவு உண்டு. கையில் காசு இல்லாதபோது முதலில் தள்ளிப்போவது ஆயில் மாற்றுவதுதான்.

அதன் விலை என்ன? டீசல் இன்ஜினில் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு சூட்டையும் கரியையும் வாங்கிக்கொள்கிறது. மாற்றாமல் விட்டால் அதே ஆயில் பேரிங்கைத் தின்னத் தொடங்கும். ஆயில் பால் போல வெளுத்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். பாதி காலியான டேங்கில் இரவு ஈரம் நீராகப் படிந்து, டீசலுக்கு அடியில் தங்கிப் பம்ப்பைக் கெடுக்கும். அதனால்தான் டேங்கை நிரப்பி வைப்பதும், டீசலை வடிகட்டி ஊற்றுவதும் நல்ல பழக்கம்.

டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் ஆயிலை எரிபொருளோடு கலக்க வேண்டும். குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும்; கூடினால் புகையும், பிளக்கில் கரியும். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றினால்தான் அடுத்த நாள் சுலபமாகக் கிளம்பும்.

இவை வெறும் மெக்கானிக் பாடங்கள் அல்ல. நடுக்கடலில் இன்ஜின் நின்றால் தோள் கொடுக்கப் பாய் இல்லை. கட்டுமரக் காலத்தில் காற்றைப் படிப்பது ஒரு கல்வி. இன்று டிப்ஸ்டிக்கைப் படிப்பதும் அதே அளவு முக்கியமான கல்விதான். உதவி என்று இயந்திரம் கொடுப்பவர்கள், அதைப் பராமரிக்கும் அறிவையும் செலவையும் சேர்த்தே கணக்கில் எழுத வேண்டும்.