இடமுகம் அடைத்த குழல்: உரையும் ஒலியியலும்

சிங்கப்பூரின் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. 1987 முதல் பள்ளிகள் அனைத்தும் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்டன. தமிழ் தாய்மொழிப் பாடமாகத் தொடர்கின்றது. ஆதலின், திறந்த குழாய், மூடிய குழாய் ஆகியவற்றின் ஒலியை இயற்பியல் வகுப்பில் கற்கும் மாணவர், அவ்வறிவைத் தமிழிலக்கியக் குழலோடு பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு அரிதாகின்றது. இவ்விடைவெளி, உரைப்பகுதி ஒன்றனைப் பிழைபட உணர்வதற்கும் இடந்தருகின்றது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலாசிரியனைப் பற்றிய பகுதிக்கு உரை வரையும் அடியார்க்குநல்லார், குழலின் அளவுகளைத் தருகின்றார். உ.வே. சாமிநாதையர் 1892இல் இவ்வுரையோடு நூலைப் பதிப்பித்தார். குழலின் நீளம் 20 விரல். சுற்றளவு நாலரை விரல். இடமுகம் அடைக்கப்படும், வலமுகம் திறந்திருக்கும். இடமுகத்திலிருந்து 2 விரல் நீக்கி ஊதுதுளை அமையும். அதிலிருந்து 7 விரல் விட்டு, வலமுகத்திலும் 2 விரல் நீக்கி, நடுவில் எஞ்சிய 9 விரலில் 8 துளைகள் இடப்படும்.

ஒருமுகம் அடைபட்டதனால் இதனை மூடிய குழாய் எனக் கொள்ளத் தோன்றும். அது பொருந்தாது. மூடிய குழாயில் அடைப்பிடத்துக் காற்று அசையாது. ஆகவே அடிப்படை அதிர்வெண்ணின் 3, 5 முதலிய ஒற்றைப்படை மடங்குகளே எழும். குழலிலோ ஊதுதுளை வெளிக்காற்றோடு தொடர்புடையது; அங்குக் காற்று தடையின்றி அசைகின்றது. அதிரும் காற்று நிரல் ஊதுதுளையில் தொடங்கித் திறந்த துளையருகே முடிகின்றது. இரு முனைகளும் திறந்தமையின், இஃது இயற்பியல் நோக்கில் திறந்த குழாயே ஆகும். இடமுக அடைப்பு, ஊதுதுளைக்கு அப்பால் காற்று நிரல் நீளாதவாறு தடுக்கின்றது.

இதற்குச் சான்று எளிது. 1949இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற அமைப்புகளில் குழல் பயில்வோர், விரலை மாற்றாது சற்று வலிந்து ஊதினால் மேல் ஸ்தாயியின் அதே சுரம், அதாவது 2 மடங்கு அதிர்வெண், எழுவதை அறிவர். சீவாளி முனை மூடியதாக இயங்கும் உருளை வடிவக் கிளாரினெட்டிலோ அவ்வாறு எழுவது 3 மடங்காகும்.

எனவே, உரையாசிரியர் கூறும் ‘அடைத்தல்’ கருவியின் அமைப்பைக் குறித்தது. ஒலியின் வகையைக் குறித்ததன்று. தமிழாசிரியர் இப்பகுதியைக் கற்பிக்குங்கால் ஒரு மூங்கிற்குழலை வகுப்பிற்குக் கொண்டுசெல்வாராயின், மாணவர் வேறு மொழியில் கற்ற அறிவியல் தமிழுரைக்கும் துணையாகும் என்பது எம் கருத்து.