கைப்பொருள் சார்ந்த டிஜிட்டல் கணித விளையாட்டுகள்

கைப்பொருள் சார்ந்த டிஜிட்டல் கணித விளையாட்டுகள் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானவை. வில்லை, கட்டை, அட்டை ஆகியவற்றைக் கையில் எடுத்து வைத்தும், திரையில் தெரியும் உருக்களை விரலால் நகர்த்தியும் குழந்தைகள் இவற்றில் எண்ணிக்கை, ஒப்பீடு, கூட்டல், வடிவம் ஆகியவற்றைப் பழகுகிறார்கள். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு உதவும் கள ஆய்வுகள் சில தில்லியில் நடந்துள்ளன. அரசு ஊழியர் குடியிருப்பும் பெரிய துணிச் சந்தையும் சேர்ந்த சரோஜினி நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவை வழிகாட்டக்கூடியவை. அந்த ஆய்வுகளிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது: கையும் கண்ணும் உணர்ந்த அளவு, எண்ணின் பெயரோடும் எழுதும் குறியோடும் இணைந்தால்தான் பள்ளிக் கணக்குக்கு உதவும்.

வகைகள்

முதல் வகையில், கருவியின் கேமரா மேசையில் உள்ள பொருளைப் பார்க்கிறது. ‘ஆஸ்மோ’ இதற்கு எடுத்துக்காட்டு. டேப்லெட்டை ஒரு தாங்கியில் நிறுத்தி, கேமராவின் மேல் சிறு கண்ணாடி பொருத்திய மூடியை மாட்டுவார்கள். திரையில் 7 தோன்றினால், குழந்தை 3, 4 என்ற வில்லைகளை எடுத்து மேசையில் வைக்க வேண்டும். எண் பொறித்த வில்லைகளோடு புள்ளியிட்ட வில்லைகளும் உண்டு. அதனால் நான்கு புள்ளிகளும் ‘4’ என்ற குறியும் ஒன்றே என்பதைக் குழந்தை தன் கையாலேயே கண்டுகொள்கிறது.

இரண்டாவது வகையில், தனித் தட்டின்மேல் எண் கட்டைகளைப் பொருத்த வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த பிளேஷிஃபு நிறுவனத்தின் ‘பிளூகோ கவுன்ட்’ இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாவது வகைக்குத் தனிப் பொருள் எதுவும் வேண்டாம். திரையைத் தொட்டே ஆடலாம். 2018இல் வெளிவந்த ‘கான் அகாடமி கிட்ஸ்’ கட்டணமும் விளம்பரமும் இல்லாத அத்தகைய செயலி.

முதல் இரண்டு வகைகளில் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளையாட்டுப் பெட்டியில் உள்ள பொருள் செயலி இல்லாமல் இயங்காது. ஆஸ்மோவை 2019இல் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான பைஜூஸ் வாங்கியது. அந்த நிறுவனமே 2024இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. எனவே, செயலி இப்போதும் கிடைக்கிறதா, வீட்டிலுள்ள கருவியில் ஓடுமா என்று பார்த்த பிறகே பெட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

தில்லி பாலர் பள்ளி ஆய்வு

மொய்ரா டில்லன், எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் ‘பிரதம்’ என்ற கல்வித் தொண்டு அமைப்பு தில்லியில் நடத்திய பாலர் பள்ளிகளில் மேற்கொண்ட ஆய்வு 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. 214 பாலர் பள்ளிகளைச் சேர்ந்த 1,540 குழந்தைகள் இதில் பங்கேற்றனர். அவர்களின் சராசரி வயது 4.9. ஒரு பிரிவினர் நான்கு மாதங்கள் கணித விளையாட்டுகளை ஆடினர். எந்தக் கூட்டத்தில் புள்ளிகள் அதிகம், எந்த உருவம் மற்றவற்றிலிருந்து மாறுபட்டது என்று அட்டைகளைப் பார்த்துச் சொல்வது போன்ற விளையாட்டுகள் அவை. எழுதும் எண்களுக்கு அவற்றில் முதன்மை இல்லை.

அளவையும் வடிவத்தையும் உணரும் திறன் அந்தக் குழந்தைகளிடம் கூடியது. அது நீடித்தும் நின்றது. எண்களைக் கையாளும் திறனில் உடனடி முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் தொடக்கப் பள்ளிக்குச் சென்றபின் கணக்குப் பாடத்தைக் கற்பதில் மற்றக் குழந்தைகளைவிட அவர்கள் முன்னேறியிருக்கவில்லை. நன்றாக வடிவமைத்த விளையாட்டுக்கே இந்த எல்லை இருக்கிறது. ‘கணக்கில் புலியாக்கும்’ என்று விற்கப்படும் செயலிகளை இந்த முடிவை நினைவில் வைத்தே எடைபோட வேண்டும்.

சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலை செய்த 1,436 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் 1.4 கிலோ; 200 ரூபாய்க்கு மீதி எவ்வளவு? இத்தகைய கணக்கை அவர்கள் தாள் தொடாமல் மனத்திலேயே போட்டு, 163 ரூபாயை எண்ணிக் கொடுக்கக் கூடியவர்கள். அதைவிட எளிய கணக்கைப் பள்ளி முறையில் எழுதிக் கொடுத்தபோது பலர் தடுமாறினர். பள்ளிப் பிள்ளைகளோ எழுத்துக் கணக்கில் தேறினர். சந்தைக் கணக்கில் திணறினர்.

அந்தக் குழந்தைகளிடம் அறிவுக்குக் குறைவில்லை. ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாகச் செல்வதில்லை என்பதையே இந்த முடிவு காட்டுகிறது. திரையில் வென்ற குழந்தைக்கும் இதே நிலை நேரலாம்.

மாணவர் நிலைக்கேற்ற பயிற்சி

தில்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருள் மையங்களைப் பற்றிக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. 619 மாணவர்கள் கலந்துகொண்ட இந்த ஆய்வில், சுமார் நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிடைத்தது. மாணவர் எந்த வகுப்பில் படிக்கிறார் என்று பார்க்காமல், உண்மையில் எந்த நிலையில் இருக்கிறார் என்று கண்டறிந்து அங்கிருந்து தொடங்கியது அதன் சிறப்பு. மென்பொருளோடு உதவி ஆசிரியர் நடத்திய சிறு குழு வகுப்பும் சேர்ந்தே இருந்தது. இது 4 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானது. மழலையருக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனால் நிலையறிந்து தொடங்குவது எந்த வயதுக்கும் பொருந்தும்.

தேர்வு அளவுகோல்கள்

மூன்று வடிவம்: ஐந்து என்றால் ஐந்து பொருளும், ‘ஐந்து’ என்ற ஒலியும், 5 என்ற குறியும் ஒரே ஆட்டத்தில் வர வேண்டும்.

தவறுக்குப் பதில்: தவறினால் ‘டொய்ங்’ என்று ஒலித்துவிட்டு நகரும் விளையாட்டு எதையும் கற்பிப்பதில்லை. குழந்தை வைத்தது எத்தனை, வேண்டியது எத்தனை என்று எண்ணிக் காட்டுவதே நல்லது.

வேகம்: மழலையருக்குக் கடிகாரம் ஓடும் ஆட்டம் வேண்டாம். எண்ணிப் பார்க்க வேண்டிய குழந்தை அதில் குருட்டாம்போக்காக அழுத்தப் பழகிவிடும்.

அலங்காரம்: கணக்கோடு தொடர்பில்லாத பொம்மை, பாட்டு, பரிசுப் பெட்டி ஆகியவை மிகுந்தால் கவனம் அவற்றின் பக்கம் போய்விடும்.

துணை: பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்து பேச இடம் தரும் விளையாட்டே சிறந்தது. சிகாகோவில் 587 முதல் வகுப்பு மாணவர்களிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கணக்குக் கதைச் செயலியைப் பயன்படுத்தியது பலன் தந்தது. கணக்கென்றால் அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகளுக்கே அதிகப் பலன் கிடைத்தது.

மொழி

சரோஜினி நகர்த் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என மூன்று மொழிகளில் எண்களைக் கேட்கிறது. தமிழில் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று பத்தும் ஒன்றும் வெளிப்படையாகத் தெரியும். இந்தியில் நூறு வரையுள்ள பெயர்களைப் பெரும்பாலும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். எனவே பத்துகளை விளங்கவைக்கத் தமிழ் நல்ல தொடக்கம். செயலி ஆங்கிலத்தில் பேசினாலும் உடன் இருப்பவர் தமிழில் எண்ணலாம். அருகிலுள்ள இலட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருப்பதால், தமிழில் எண்ணும் பழக்கத்துக்கு வீட்டுக்கு வெளியிலும் ஆதரவு உண்டு.

திரை நேரமும் தனியுரிமையும்

இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்காரக் கூடாது. அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. கல்விச் செயலி என்பதால் இதற்கு விலக்கில்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தைத் தடுக்கிறது. எண் கற்றுத்தரும் செயலி தொலைபேசித் தொடர்புகளையோ இருப்பிடத்தையோ கேட்டால் அதை நீக்கிவிடலாம்.

வீட்டிலுள்ள மாற்று

மூன்று முதல் எட்டு வயதுக்கான பொம்மைகள், அட்டைகள், புதிர்கள் அடங்கிய ‘ஜாதுயி பிடாரா’ தொகுப்பை ஒன்றிய அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் செயல்வழிக் கற்றலைக் கொண்டது. இவை இல்லாத வீட்டிலும் வழி உண்டு. 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் கட்டமிட்டு, எண்ணைச் சொல்லிக்கொண்டே காய் நகர்த்தும் ஆட்டம் குழந்தைகளின் எண்ணறிவை உயர்த்தியதை ராபர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகியோர் 2008இல் அமெரிக்காவில் காட்டினர். தரையில் சாக்பீஸ் கோடும் புளியங்கொட்டையும் இருந்தால் போதும். பல்லாங்குழி ஆடும்போது ஒவ்வொரு குழிக்கும் வாய்விட்டு எண்ணச் செய்வதும் அத்தகைய பயிற்சியே.

விளையாட்டு பயன்பட்டதா என்பதைச் செயலி தரும் நட்சத்திரங்களைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம். திரையை மூடிவிட்டு ஏழு கொட்டைகளை எடுக்கச் சொல்லுங்கள், எண்ணச் சொல்லுங்கள், அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். மூன்றையும் குழந்தை செய்தால் விளையாட்டைத் தொடரலாம். இல்லையென்றால் அதை வைத்துவிட்டு, கொட்டைகளோடு உடன் உட்காருங்கள்.