அட்டையில் பெயர் இல்லாத கிடார்கள்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு ஓட்டல். சாப்பிட வந்தவர்களில் ராபர்ட் ஒயிட்டும் ஒருவர். ஆர்டர் எடுக்க ஆள் வந்து நிற்கும்போது ஸ்பீக்கரில் 'மை கேர்ள்' பாட்டு ஓடுகிறது. டெம்ப்டேஷன்ஸ் குழு 1964-ல் பாடி, உலகமே முணுமுணுத்த பாட்டு. ஆரம்பத்தில் படிப்படியாக மேலே ஏறுமே ஒரு கிடார், அதை வாசித்தவர் இதே ராபர்ட் ஒயிட்தான். சந்தோஷத்தில் "இது..." என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். சொன்னால் யார் நம்புவார்கள்? கிழவர் ஏதோ உளறுகிறார் என்றுதானே நினைப்பார்கள்!

மோட்டவுன் இசைக்கலைஞர்களைப் பற்றி 2002-ல் வந்த ஆவணப்படம் மூலம் இந்தச் சம்பவம் பரவலாகத் தெரிய வந்தது. அதைப் பார்க்க ஒயிட் இல்லை. 1994-லேயே இறந்துவிட்டார்.

'உலகின் தலைசிறந்த கிடாரிஸ்ட் யார்' என்று கேட்டால் ஹெண்ட்ரிக்ஸ், கிளாப்டன் என்று பட்டியல் வந்துவிடும். 'தலைசிறந்த செஷன் கிடாரிஸ்ட் யார்' என்று கேட்டுப் பாருங்கள், ஒரு நிமிடம் அமைதி! அதன் பிறகு ஆரம்பிக்கும் சண்டை இன்றுவரை முடியவில்லை.

முதலில் கணக்கு வழக்கு

செஷன் கிடாரிஸ்ட் என்பவர் எந்தக் குழுவுக்கும் சொந்தமில்லாதவர். ஸ்டூடியோ கூப்பிட்டால் போவார், கொடுத்ததை வாசிப்பார், கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டூடியோவுக்கு ஓடுவார். அமெரிக்காவில் இதற்குத் தொழிற்சங்கம் நிர்ணயித்த கட்டணம் உண்டு. ஒரு செஷன் என்பது பொதுவாக மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று நான்கு பாட்டுகளை முடித்தாக வேண்டும்.

பாட்டு பத்துப் பேருக்கு விற்றாலும் பத்து லட்சம் பேருக்கு விற்றாலும் வாசித்தவருக்கு அந்தக் கூலிதான் பிரதானம். ராயல்டி எழுதியவருக்கும் பாடியவருக்கும் போகும். அமெரிக்காவின் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலிபரப்பானால் பாடலாசிரியருக்குக் காசு உண்டு, வாசித்தவருக்குச் சல்லிக்காசு கிடையாது. அதாவது முதலீட்டில் பங்கு உண்டு, லாபத்தில் பங்கு இல்லை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போட்டியாளர்களைப் பார்க்கலாம்.

எண்ணிக்கையில் யார்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் சொல்லும் பதில் டாமி டெடெஸ்கோ (1930-1997). நயாகரா ஃபால்ஸ் ஊர்க்காரர், லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ப் பிழைத்தவர். வரலாற்றிலேயே அதிகம் பதிவு செய்யப்பட்ட கிடாரிஸ்ட் என்று 'கிடார் பிளேயர்' பத்திரிகை இவரைச் சொன்னது. 'பொனான்ஸா', 'மேஷ்' போன்ற தொலைக்காட்சித் தொடர்களின் முகப்பு இசை, சினிமா, விளம்பரம், பாப் பாட்டு என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

மாண்டலின் வேண்டுமா, கிரேக்க நாட்டு பூசூக்கி வேண்டுமா, எதைக் கேட்டாலும் கொண்டு வந்து வாசிப்பார். ரகசியம் என்னவென்றால், எல்லாவற்றையும் கிடார் போலவே சுருதி சேர்த்து வைத்திருப்பார்! அதே பத்திரிகையில் அவர் எழுதிய பத்தி இன்னும் வேடிக்கை. இன்ன வேலைக்குப் போனேன், இவ்வளவு கிடைத்தது என்று ரசீது போல எழுதுவார். ஒரு வேலையை ஒப்புக்கொள்ள நான்கு காரணங்கள்தான் என்பது அவர் கட்சி: பணம், தொடர்பு, அனுபவம், இல்லையென்றால் சும்மா ஜாலிக்கு. நான்கில் ஒன்றும் இல்லையா, போகாதே.

அதே கூட்டத்தில் இன்னொருவர் க்ளென் கேம்ப்பெல். 1963-ல் மட்டும் 586 பதிவுகள் என்பது அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. இத்தனைக்கும் நொட்டேஷன் படிக்கத் தெரியாதவர். காதால் கேட்பார், உடனே வாசிப்பார். பிறகு பாடகராகி 1968-ல் 'விச்சிட்டா லைன்மேன்' மூலம் பெரிய நட்சத்திரமானார். அந்தப் பாட்டின் நடுவில் வரும் தனி வாசிப்பு அவருடையதுதான். அதற்கு அவர் எடுத்தது அங்கே வாசிக்க வந்திருந்த கேரல் கேயின் ஆறு தந்தி பேஸ்!

கேரல் கேய் என்ற பெண்மணியும் கிடாரிஸ்டாகத்தான் தொடங்கினார். 1958-ல் ரிச்சி வேலன்ஸின் 'லா பாம்பா'வில் வாசித்தவர். 1963-ல் ஒரு பேஸ் கலைஞர் வேலைக்கு வராமல் போக, அந்த இடத்தில் உட்கார்ந்தவர், அதிலேயே புகழ் பெற்றுவிட்டார். இந்தக் கூட்டத்துக்கு 'ரெக்கிங் க்ரூ' என்று டிரம்ஸ் கலைஞர் ஹால் பிளேய்ன் பின்னாளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் இவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 2025-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் தேடி வந்தபோது, ஸ்டூடியோ வேலை என்பது கூட்டு வேலை, அதை இது காட்டவில்லை என்று மறுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 90.

ஒலியை மாற்றியவர் யார்?

எண்ணிக்கை மட்டும் போதுமா என்று கேட்பவர்கள் நாஷ்வில்லைக் காட்டுவார்கள். கிரேடி மார்ட்டின் (1929-2001) அங்கே கொடிகட்டிப் பறந்தவர். மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டைப் பதிவு செய்யும்போது கன்சோலில் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ், கரகரவென்று கிழிந்த துணி போல ஒலித்தது. அழித்துவிட்டு மறுபடி எடுத்திருக்கலாம். ஆனால் அப்படியே விட்டார்கள். 1961-ல் பாட்டு ஹிட்!

எஞ்சினியர் க்ளென் ஸ்னாடி அந்தப் பழுதையே ஒரு கருவியாகச் செய்தார். கிப்சன் நிறுவனம் 1962-ல் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று விற்றது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் மிதித்தது அந்த வகைப் பெடலைத்தான். ராக் இசையின் முரட்டு ஒலிக்கு ஒரு விதை, ஒரு கன்ட்ரி பாட்டில் நடந்த விபத்து.

லண்டன் கட்சி

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இரண்டு ஜிம்கள். 'பிக் ஜிம்' சல்லிவன் மூத்தவர். 'லிட்டில் ஜிம்' என்று அழைக்கப்பட்ட இளையவர் வேறு யாருமில்லை, ஜிம்மி பேஜ்! இருபது வயதில் லண்டன் ஸ்டூடியோக்களில் ஓயாமல் வாசித்துக்கொண்டிருந்தார். கிங்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ' (1964) பாட்டின் சோலோவை அவர்தான் வாசித்தார் என்ற வதந்தி பல வருடம் ஓடியது. பேஜே இல்லை என்று சொல்லியும் நிற்கவில்லை. அதை வாசித்தது அந்தக் குழுவின் டேவ் டேவிஸ். பெயர் போடாத தொழிலில் இந்தக் கஷ்டமும் உண்டு. செய்தவனுக்குப் பெயர் வராது, செய்யாதவனுக்கு வந்து சேரும். 1966-ல் பேஜ் இந்த வேலையை விட்டு யார்ட்பேர்ட்ஸ் குழுவில் சேர்ந்தார். 1968-ல் லெட் செப்பலின். மீதி ஊரறிந்த கதை.

ஊரறியாத கதை விக் ஃப்ளிக்குடையது. ஜேம்ஸ் பாண்ட் வந்தாலே ஒலிக்கும் அந்தக் கிடார், 1962-ல் 'டாக்டர் நோ' படத்துக்காக இவர் வாசித்தது. அதன் ராயல்டி இசையமைப்பாளருக்கு. வாசித்தவருக்கு செஷன் கூலி. 2024-ல், 87 வயதில் இறந்தபோதுதான் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

டெட்ராய்ட், மெம்பிஸ்

இரண்டு ஊர், இரண்டு விதி. மெம்பிஸில் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஸ்டீவ் க்ராப்பர் வாசிப்பதோடு நிற்கவில்லை. வில்சன் பிக்கெட்டின் 'இன் தி மிட்நைட் அவர்' (1965), ஓட்டிஸ் ரெடிங்கின் 'டாக் ஆஃப் தி பே' (1968) பாட்டுகளில் இணை ஆசிரியராக அவர் பெயரும் இருக்கிறது. பெயர் இருந்ததால் ராயல்டியும் உண்டு.

டெட்ராய்டில் மோட்டவுனின் நிலவறை ஸ்டூடியோவில் மூன்று கிடார்கள் ஒன்றாக உட்காரும். ராபர்ட் ஒயிட், எடி வில்லிஸ், ஜோ மெசினா. மூவரும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கே வரமாட்டார்கள். ஆனால் 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம் வரும்வரை மோட்டவுன் அட்டைகளில் இவர்கள் பெயர் அச்சாகவில்லை. 1972-ல் கம்பெனியே லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. இவர்களின் ஃபங்க் பிரதர்ஸ் குழுவுக்கு வாழ்நாள் சாதனைக்கான கிராமி கிடைத்தது 2004-ல். கேட்க ஒயிட் இல்லை.

சரி, தீர்ப்பு?

அளவுகோலைச் சொன்னால்தான் தீர்ப்பு சொல்ல முடியும். எண்ணிக்கை என்றால் டெடெஸ்கோ. புது ஒலி என்றால் மார்ட்டின். தொழிலை விட்டு வெளியே வந்து ஜெயித்தது என்றால் பேஜும் கேம்ப்பெல்லும். பிழைக்கத் தெரிந்தவர் என்றால் க்ராப்பர்.

ஆனால் செஷன் வேலையின் உண்மையான பரீட்சை வேறு. தன்னைக் காட்டாமல் பாட்டைத் தூக்கி நிறுத்த வேண்டும். 'மை கேர்ள்' ஆரம்பத்தைக் கவனித்துக் கேட்டால், நம் காதுக்கு அது மோகனத்தின் ஆரோகணம்: ஸ ரி க ப த ஸ. வெறும் ஆறு ஸ்வரம். எந்த வித்தையும் இல்லை. கிடார் கற்க ஆரம்பித்த பையன்கூட ஒரு வாரத்தில் வாசித்துவிடுவான். அதை எடுத்துவிட்டால் மட்டும் அந்தப் பாட்டே இல்லை.

அந்த அளவுகோலில் முதல் இடம் ராபர்ட் ஒயிட்டுக்குத்தான். அன்று அந்த ஓட்டலில் அவர் தைரியமாகச் சொல்லியிருக்கலாம்.