மூன்று மணி நேரமும் ஒரு மலைச்சாலையும்

1658-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் வெப்ஃபர் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் ரத்தம் கசிந்தாலும் பக்கவாதம் வரும், மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டாலும் வரும் என்று எழுதினார். கழுத்துத் தமனி அடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பை 1951-ல் கனடாவின் மில்லர் ஃபிஷர் தெளிவாக விளக்கினார். நோய் புரிய ஏறக்குறைய முந்நூறு வருஷம்.

அடைப்பைக் கரைக்கும் வழி வேறு பக்கமிருந்து வந்தது. தொண்டைப்புண் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரத்தக்கட்டியைக் கரைப்பதை 1933-ல் அமெரிக்காவின் வில்லியம் டில்லெட் கண்டார். அதிலிருந்து வந்த ஸ்ட்ரெப்டோகைனேஸ் மாரடைப்புக்குக் கைகொடுத்தது. பக்கவாதத்துக்குக் கொடுத்தபோது மூளையில் ரத்தம் கசிந்தது. 1990-களில் அந்தச் சோதனைகளைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

1995 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று வெளியானது. 624 பேர், அல்டிப்ளேஸ் என்ற மருந்து, 3 மணி நேர வரம்பு. மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் ஆபத்தான கசிவு, பெறாதவர்களில் 0.6. அப்படியிருந்தும் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ஊனமின்றித் தேறியவர்கள் மருந்து பெற்றவர்களிடையேதான் அதிகம். 2008-ல் அந்த வரம்பு நாலரை மணி நேரமானது.

மென்பொருளில் ‘டைம் அவுட்’ ஆனால் மறுபடி முயலலாம். இங்கே அது கிடையாது. கடிகாரம் ஓட ஆரம்பிப்பதும் ஆஸ்பத்திரி வாசலில் இல்லை, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நிமிடத்தில். கசிவா அடைப்பா என்று ஸ்கேன் பார்க்காமல் ஊசி போடவும் முடியாது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஒரு குக்கிராமத்தில் “கை மரத்துப்போச்சு, படுத்து எந்திரிச்சா சரியாயிடும்” என்று ஒருவர் படுத்துவிட்டால், ஜவ்வாது மலையின் வளைவுகளில் இறங்கித் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ போவதற்குள் என்ன மிஞ்சும்?

இதே கேள்வியை இமாச்சலப் பிரதேசமும் சந்தித்தது. அங்கே மாவட்ட மருத்துவமனை டாக்டர்கள் ஸ்கேன் எடுத்து, தொலைவிலுள்ள நரம்பியல் நிபுணரிடம் ஃபோனில் கேட்டு, அங்கேயே ஊசி போட்டார்கள். 2016-ல் இந்தியா பக்கவாதத்துக்கு அனுமதித்த டெனெக்டிப்ளேஸ் இதற்கு இன்னும் தோதானது: ஒரு மணி நேரம் சொட்டு ஏற்ற வேண்டாம், ஒரே ஊசி.

ஆனால் கழுத்துத் தமனியின் பெரிய கட்டி பல நேரம் ஊசிக்கு மசியாது. அதைக் கம்பிக்குழாய் விட்டு எடுக்கும் முறை 2015-ல் நிரூபணமானது. அதற்குப் பெரிய நகரம்தான். ஆகவே மலையடிவாரத்தில் ஸ்கேனும் ஊசியும் கிடைத்து, அங்கிருந்து வண்டி உடனே கிளம்ப வேண்டும். அதற்கும் முன்னால், வாய் கோணியதும் மணி பார்த்துவிட்டு 108-ஐ அழைக்க வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.