குளத்தை வெட்டினவரும் காத்தவரும்



தேயிலைக்கும் ரப்பருக்கும்தான் தமிழன் இந்தப் பக்கம் வந்தான்னு நம்ம பிள்ளைங்க நினைக்குதுங்க. அதுக்கு ஆயிரம் வருசம் முன்னாடியே தமிழ் வணிகர் சங்கங்கள் இங்கே வந்திருக்கு.

தெற்குத் தாய்லாந்தில் தக்குவாபா என்ற ஊர்ப்பக்கம் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைச்சது. அவனிநாரணம் என்ற குளம் வெட்டின சேதி அது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னர் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பேர். வெட்டினதோட கல்வெட்டு முடியல. குளம் மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலம்னு எழுதியிருக்கு. மணிக்கிராமம் வணிகர் சங்கம். சேனாமுகம் அவங்களோட இருந்த காவல் படை. அதாவது, இனி யார் பொறுப்புன்னு கல்லுலயே பேர் போட்டுட்டாங்க.

சுமத்ராவில் பாருஸ், கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம். அங்கே 1088-ல் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் சங்கம் வச்ச கல்வெட்டு இருக்கு. வர்ற கப்பல்காரங்க பொன்னாகக் கட்டணம் கட்டணும்னு சங்கமே விதி போட்டது. சிவகங்கைப் பக்கம் பிரான்மலைக் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒண்ணு. வணிகர்கள் கூடி, விற்கிற சரக்குல மூட்டைக்கு இவ்வளவு கோயிலுக்குன்னு முடிவு பண்ணினதைச் சொல்லுது.

அந்தச் சங்கங்கள் இப்போ இல்ல. ஆனா பழக்கம் போகல. வட்டித் தொழில் செய்ய மலாயா வந்த நகரத்தார், லாபத்தில் ஒரு பங்கை மகமைன்னு சாமிக்கு ஒதுக்கினாங்க. பினாங்கு தண்டாயுதபாணி கோயில் 1850-களில் அவங்க கட்டினது. வட்டிக்கடைகள் பெரும்பாலும் மூடியாச்சு. கோயிலை இன்னைக்கும் அவங்கதான் நடத்துறாங்க, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதமும் ஓடுது. தொழில் போனாலும் பொறுப்பு கைமாறிக்கிட்டே வந்திருக்கு.

இப்போ நம்ம தோட்டத்துக் கோயிலைப் பாருங்க. லயத்துல இருந்த நம்ம தாத்தா பாட்டிங்க கூலியில மிச்சம் பிடிச்சுக் கட்டினது. பிள்ளைங்க ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர்னு போயிட்டாங்க. திருவிழாவுக்கு வர்றாங்க, தாராளமா குடுக்குறாங்க, சந்தோசம். ஆனா மத்த நாள்ல விளக்கு ஏத்த, கூரை ஒழுகினா பார்க்க, யார் பேரு எழுதியிருக்கு? கமிட்டியில இருக்கிற நாங்க எல்லாம் ஐம்பதைத் தாண்டினவங்க.

அதனால ஒரு வேண்டுகோள். குடும்பத்துக்கு ஒரு இளையவர் பேரைப் பதிவு பண்ணுங்க. மாசம் 5 வெள்ளி போதும், வருசத்துல ரெண்டு நாள் கோயில் வேலைக்கு வந்தா போதும். கணக்கை மாசாமாசம் பலகையில ஒட்டிடுவோம்.

கட்டினவங்க கடமையை முடிச்சுட்டாங்க. அடைக்கலம் யாருக்குன்னு நாமதான் எழுதணும்.

அம்மன் துணை.