கைக்குழந்தைப் படம்: வெளிச்சம் தேடிய வீடுகள்

கைக்குழந்தையைப் படம் எடுப்பதில் தொடக்கம் முதலே இரண்டு சிக்கல்கள். குழந்தை ஆடாமல் இருக்காது. குழந்தை இருக்கும் அறையில் வெளிச்சம் இருக்காது. பல ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்குக் காற்றும் வெயிலும் படாத அறையைத்தான் ஒதுக்கினார்கள். கேமராவுக்கோ வெயில் வேண்டும். படம் எடுக்க வீட்டை ஒழுங்கு செய்யும் வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் இந்த இழுபறியின் வரலாறுதான்.

1839-இல் பாரிஸில் டாகர் என்பவரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டபோது ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. பெரியவர்களே தலைக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்து ஆடாமல் உட்கார்ந்த காலம் அது. அடுத்த சில ஆண்டுகளில் லென்ஸும் ரசாயனமும் மேம்பட்டு நேரம் குறைந்தது. 1851-இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்ட பிறகு நல்ல வெளிச்சத்தில் சில விநாடிகளே போதும் என்ற நிலை வந்தது. ஆனால் அதில் வேறொரு தொல்லை இருந்தது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். வீட்டுக்கு வரும் படக்காரர் இருட்டுக் கூடாரத்தையும் ரசாயனப் புட்டிகளையும் சுமந்துகொண்டு வர வேண்டியிருந்தது. அதனால் குழந்தைதான் ஸ்டூடியோவுக்குப் போனது. கூரையும் ஒரு பக்கச் சுவரும் கண்ணாடியால் ஆன மாடி அறைகளே அன்றைய ஸ்டூடியோக்கள்.

சில விநாடிகள் என்பது குழந்தைக்கு நெடுநேரம். அதைப் பிடித்திருக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாய் அல்லது ஆயா. வாடிக்கையாளர் கேட்டதோ குழந்தை மட்டும் இருக்கும் படம். 1854-இல் பிரான்ஸில் திஸ்தேரி என்ற படக்காரர் காப்புரிமை பெற்ற சிறு அட்டைப் படங்கள் மலிந்துவிட்டதால், குழந்தையின் படத்தை உறவினர்களுக்கு அனுப்பும் பழக்கம் பரவியிருந்தது. ஆகவே தாயை நாற்காலியில் உட்காரவைத்து, தலை முதல் கால் வரை பூப்போட்ட துணியால் மூடி, அவள் மடியில் குழந்தையை வைத்தார்கள். துணி மூடிய தாய் படத்தில் நாற்காலியாகத் தெரிவாள். வேறு சில படங்களில் அவள் நாற்காலிக்குப் பின்னால் குனிந்திருப்பாள். கை மட்டும் துணி இடுக்கு வழியே வந்து குழந்தையின் இடுப்பைப் பற்றியிருக்கும். முட்டை வடிவத்தில் வெட்டிய அட்டைச் சட்டத்தில் படத்தைச் செருகினால் மீதியும் மறைந்துவிடும். அப்படியும் மறையாத முகத்தைத் தகட்டிலேயே சுரண்டியதும் உண்டு. இத்தகைய சுமார் ஆயிரம் படங்களை இத்தாலியக் கலைஞர் லிண்டா ஃபிரெஞ்ஞி நாக்ளர் திரட்டி, 2013-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் வைத்தார். ‘மறைந்திருக்கும் தாய்’ என்ற பெயர் இத்தகைய படங்களுக்கு இன்று பரவலாகப் புழங்குகிறது.

இந்தப் படங்களை இறந்த குழந்தைகளின் படங்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. இறந்த குழந்தைகளையும் அக்காலத்தில் படம் எடுத்தார்கள் என்பது உண்மையே. பிள்ளைச் சாவு மிகுந்திருந்த காலத்தில் பல குடும்பங்களுக்கு அந்த ஒரு படமே மிஞ்சியது. ஆனால் இறந்த குழந்தையை யாரும் இறுகப் பிடித்திருக்கத் தேவையில்லை. துணிக்குள் ஒரு தாய் ஒளிந்திருக்கிறாள் என்பதே அந்தக் குழந்தை உயிரோடு துள்ளிக்கொண்டிருந்ததற்குச் சான்று.

ஸ்டூடியோவுக்குப் போகாமல் வீட்டையே படம் எடுக்கும் இடமாக மாற்றியவர்களில் ஜூலியா மார்கரெட் கேமரனைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-இல், 48 வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கேமரா அவர் கைக்கு வந்தது. இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்த தம் வீட்டில் நிலக்கரி போட்டுவைத்த அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி பதித்த கோழிக்கூட்டைக் கோழிகளை வெளியேற்றிவிட்டு ஸ்டூடியோவாக்கினார். 1865-இல் எடுத்த ஒரு படத்தில் அவருடைய பேரன் தூங்குகிறான். மேரி மாதாவாக வேடமிட்ட ஒரு பெண் அவன் மேல் குனிந்திருக்கிறாள். குழந்தை தூங்கும்போது எடுத்தால் அசைவுத் தொல்லை குறையும் என்ற உத்தியும், பிள்ளையோடு இருப்பவளை மறைக்காமல் காட்டும் துணிவும் அந்த ஒரே படத்தில் சேர்ந்திருக்கின்றன. கேமரன் 1875-இல் இலங்கையில் குடியேறி, 1879-இல் மலைநாட்டில் காலமானார்.

வீட்டுக்குப் படக்காரரை எளிதாக அழைக்க வழி செய்தது உலர் தகடு. 1871-இல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய தகட்டுக்கு வழி காட்டினார். அந்தப் பத்தாண்டின் முடிவில் தயார்நிலைத் தகடுகள் கடைக்கு வந்தன. வெயிலில் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் போதும். எடுத்த தகட்டைக் கடைக்குக் கொண்டுபோய் ஆற அமரக் கழுவலாம். 1888-இல் கோடக் கேமராவும் 1900-இல் ஒரு டாலர் விலையில் பிரௌனியும் வந்தபின் மேலைநாட்டு வீடுகளில் பெற்றோரே படம் எடுக்கத் தொடங்கினார்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் குழந்தையை வை, எதிர்ப்புறம் வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டு நிழலைத் தணி என்று கற்றுத்தரும் சிறு கையேடுகளும் வந்தன. அந்த யோசனை இன்றுவரை மாறவில்லை.

நம் ஊர்ப் பக்கம் வந்தால், சென்னையில் புகைப்படச் சங்கம் 1850-களிலேயே தோன்றிவிட்டது. மவுண்ட் ரோட்டில் ஐரோப்பியர்கள் நடத்திய ஸ்டூடியோக்களுக்கு அதிகாரிகளும் ஜமீன்தார்களும் வசதியான குடும்பத்தாரும் போனார்கள். இருபதாம் நூற்றாண்டில் கும்பகோணம், மதுரை, காரைக்குடி போன்ற ஊர்களிலும் தமிழர்களே நடத்திய ஸ்டூடியோக்கள் பெருகின. ஆனாலும் தமிழ்க் குடும்பங்களின் ஆல்பங்களைப் புரட்டினால் ஒன்று தெரியும்: பிறந்த குழந்தையின் படம் அவற்றில் அரிது. முதல் படம் பெரும்பாலும் நான்கு, ஐந்து மாதக் குழந்தையின் படம்.

காரணங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிள்ளை பிறந்த வீட்டில் பத்து நாளோ பதினைந்து நாளோ தீட்டு. அது கழிந்து புண்யாகவாசனம் செய்யும்வரை அல்லது காப்புக் கட்டித் தொட்டிலில் போடும்வரை வெளியாள் உள்ளே வரமாட்டார். கண்ணேறு பற்றிய அச்சம் ஒருபுறம், போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்ற நம்பிக்கை இன்னொருபுறம். பாட்டிமார் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். பத்தியமும் சாம்பிராணிப் புகையுமாக இருந்த அந்த அறை தாய்க்கும் சேய்க்கும் ஒரு கவசம். கேமராவை வெளியே நிறுத்தியதில் மூடநம்பிக்கை மட்டும் இல்லை. கழுத்து நிற்காத குழந்தையை அந்நியர் கையில் கொடுக்கக் கூடாது என்ற நல்ல புத்தியும் அதில் இருந்தது.

கழுத்து நின்று, குழந்தை குப்புற விழுந்ததும் படக்காரருக்குச் சொல்லி அனுப்புவார்கள். தமிழ்நாட்டுக் குழந்தைப் படத்தின் மாதிரியே இதிலிருந்துதான் பிறந்தது. உடம்பில் துணி இல்லாமல், இடுப்பில் அரைஞாணும் காலில் தண்டையுமாகக் குப்புறக் கிடந்து, தலையைத் தூக்கிப் பார்க்கும் அந்தப் படம் இல்லாத குடும்பம் குறைவு. ஸ்டூடியோக்காரர் மார்புக்கடியில் சிறு தலையணையை வைத்து, அதன்மேல் விரிப்பைப் போட்டு மறைப்பார். தலை தானாக நிமிரும். ஒருவர் கிலுகிலுப்பையை ஆட்ட, குழந்தை அந்தப் பக்கம் திரும்பும் நொடிக்காகக் கேமராவின் கறுப்புத் துணிக்குப் பக்கத்தில் படக்காரர் காத்திருப்பார்.

படக்காரர் வீட்டுக்கு வந்தால் முதலில் தேடுவது முற்றத்தை. நாலுபக்கமும் தாழ்வாரம் ஓடும் வீட்டில் நடு முற்றம்தான் வீட்டுக்குள் இருந்த கண்ணாடிக் கூரை. நேர் வெயில் விழும் இடத்தில் குழந்தை கண்ணை இடுக்கும். ஆகவே வெயில் இறங்காத காலை நேரத்தில், தாழ்வாரத்தின் ஓரத்தில், பெஞ்சை இழுத்துப் போடுவார்கள். அதன்மேல் பவானி ஜமக்காளம். பின்னால் கொடியில் ஒரு போர்வையோ புடவையோ தொங்கும். நிழல் விழும் பக்கத்தில் சலவை வேட்டி ஒன்றை இருவர் விரித்துப் பிடிப்பார்கள். முற்றம் இல்லாத சிறிய வீடுகளில் திண்ணையே ஸ்டூடியோ. படத்தை உற்றுப் பார்த்தால் ஓரத்தில் வேட்டியைப் பிடித்த விரலோ, உலர்த்திய நெல்லோ, நின்று வேடிக்கை பார்த்த பிள்ளையின் பாதமோ அகப்படும்.

குழந்தையைத் தயார் செய்வதற்கும் முறை இருந்தது. எண்ணெய்க் குளியல் முடிந்த குழந்தை தூங்கிவிடும் என்பதால் குளியலுக்கும் தூக்கத்துக்கும் பிறகு, பால் குடித்த பின்தான் படம். நெற்றியிலும் கன்னத்திலும் மையால் பொட்டு வைப்பார்கள். கன்னத்துப் பொட்டு திருஷ்டிக்கு. பழைய தகடுகள் நீல ஒளியைப் பிடித்த அளவுக்கு மஞ்சளையும் சிவப்பையும் பிடிக்கவில்லை. அதனால் மஞ்சள் பூசிய தாயின் முகம் படத்தில் கறுத்து விழுந்தது. சிவந்த குங்குமம் மையைப் போலவே கறுப்பாகப் பதிந்தது. எண்ணெய் மினுமினுப்பும் படத்தைக் கெடுக்கும். முகத்துக்குப் பவுடர் பூசியதில் அழகுணர்ச்சியோடு இந்தத் தொழில் தேவையும் கலந்திருந்தது. ஆண் குழந்தைக்குப் பூ முடித்துப் பெண் வேடமும், பெண் குழந்தைக்குக் கிருஷ்ணர் வேடமும் இட்டு எடுப்பது இன்னொரு வழக்கம்.

செயற்கை வெளிச்சம் குழந்தையின் அறைக்குள் மெதுவாகத்தான் நுழைந்தது. 1887-இல் ஜெர்மனியில் உருவான மக்னீசியப் பொடி வெளிச்சம் சத்தமும் புகையும் தீ ஆபத்தும் உடையது. 1930-ஐ ஒட்டி வந்த ஃபிளாஷ் பல்ப் புகையை ஒழித்தது. பின்னர் எலக்ட்ரானிக் ஃபிளாஷ் வந்தது. ‘பளிச்’ என்று அடித்தால் குழந்தைக்குக் கண் போய்விடும் என்ற பயம் வீடுகளில் இன்றும் உண்டு.

சொந்தக் கேமரா நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியது பிற்பாடு. வடோதராவில் தயாரான ‘ஆக்ஃபா கிளிக் III’ கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். 1960-இல் தொடங்கப்பட்ட உதகமண்டலம் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தந்தது. பன்னிரண்டில் இரண்டைக் குழந்தைக்கு ஒதுக்கினால் அதுவே தாராளம். 36 படம் கொண்ட கலர் சுருளும் ஊருக்கு ஊர் கலர் லேபும் வந்தபின் தீட்டுக் கழிந்த அன்றும் தொட்டில் போட்ட அன்றும் படம் எடுப்பது சடங்கோடு சேர்ந்துகொண்டது.

பிறந்த சில நாட்களிலேயே எடுக்கும் இன்றைய படத்தின் வேர் வேறு. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெடஸ், பூவுக்குள்ளும் பூசணிக்குள்ளும் சிசுக்களை வைத்து எடுத்த படங்களின் தொகுப்பு 1996-இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. டிஜிட்டல் கேமரா வந்தபின் இது தனித் தொழிலாயிற்று. பிறந்து இரண்டு வாரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது அத்தொழிலின் விதி. அந்த நாட்களில் குழந்தை பெரும்பகுதி நேரம் தூங்கும். கருப்பையில் சுருண்டிருந்த வாகும் உடம்பில் இருக்கும். தமிழ் வீட்டின் தீட்டு நாட்களும் ஏறக்குறைய இதே இரண்டு வாரம்தான். இரண்டு நாட்காட்டிகளும் நேருக்கு நேர் மோதுவதால் முப்பதாம் நாளுக்கோ மூன்றாம் மாதத்துக்கோ படத்தைத் தள்ளும் குடும்பங்கள் பல.

வீட்டில் எடுக்கும்போது ஏற்பாடு எளிது. குளிர்நாட்டில் ஹீட்டர் வைத்து அறையைச் சூடாக்குவார்கள். இங்கே ஏசியையும் ஃபேனையும் நிறுத்தினால் போதும். பெரிய ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி, அதன் அருகே கட்டில், கட்டிலில் வெள்ளை விரிப்பு. அறையின் மஞ்சள் விளக்கை அணைக்க வேண்டும். இல்லையென்றால் பகல் வெளிச்சத்தோடு கலந்து தோலின் நிறம் கெடும். நம் வீடுகளில் விரும்பிப் பூசும் பச்சை, ரோஸ் சுவர்கள் குழந்தையின் கன்னத்தில் தம் நிறத்தை அடிக்கும் என்பதால் சுவரை ஒட்டியும் வெள்ளைத் துணி கட்டுவார்கள். துணியால் இதமாகச் சுற்றிய குழந்தை திடுக்கிட்டு விழிப்பது குறையும்.

இரு கைகளில் மோவாயைத் தாங்கித் தூங்குவது போன்ற ‘தவளை’ நிலைப் படம் இத்தொழிலில் பெயர் பெற்றது. எந்தச் சிசுவாலும் தன் தலையை அப்படித் தாங்க முடியாது. ஒரு படத்தில் பெரியவர் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார்; இரண்டையும் கம்ப்யூட்டரில் இணைத்து, பிடித்த கையை அழித்துவிடுவார்கள். அன்று துணி போர்த்தி மறைத்ததை இன்று மென்பொருள் மறைக்கிறது. இதை அறியாமல் வீட்டில் செய்து பார்ப்பது ஆபத்து.

பழைய ஸ்டூடியோக்களின் கண்ணாடித் தகடுகளும் நெகட்டிவ்களும் கடை மூடியபோது பெரும்பாலும் குப்பைக்குப் போயின. தமிழ்நாட்டில் எஞ்சியவற்றில் ஒரு பகுதியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கியிருக்கிறது. வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் குழந்தைப் படங்கள் பலவற்றில் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்புறம் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும்: குழந்தையின் பெயர், நாள், ஊர், படம் எடுத்தபோது குழந்தையைப் பிடித்திருந்தவரின் பெயர்.