தரச்சான்று பெற்ற நாணயங்களின் மெய்மை ஆய்வு

தரச்சான்று பெற்ற நாணயங்களின் மெய்மை ஆய்வு என்பது, ஒரு தரப்படுத்தல் நிறுவனத்தால் மதிப்பிடப்பட்டு ஒளிபுகும் நெகிழி உறையில் மூடி முத்திரையிடப்பட்ட சேகரிப்பு நாணயம் உண்மையானதா என்பதை உறையைத் திறக்காமலேயே கண்டறியும் முறைகளைக் குறிக்கும். இவ்வகை உறை நாணயச் சேகரிப்பாளர்களிடையே ஸ்லாப் என அழைக்கப்படுகிறது. இவ்வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிப் பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது.

இந்த ஆய்வில் இரண்டு கேள்விகள் உள்ளன. உறையும் அதிலுள்ள சீட்டும் உண்மையானவையா என்பது ஒன்று. உள்ளே இருக்கும் நாணயம் சீட்டு குறிப்பிடும் அதே நாணயமா என்பது மற்றொன்று. ஒன்றுக்குக் கிடைக்கும் விடை மற்றொன்றுக்கும் விடையாகிவிடாது.

வரலாறு

நாணயங்களின் நிலையை எண்களால் குறிக்கும் முறையை அமெரிக்க உளவியலாளரும் நாணயச் சேகரிப்பாளருமான வில்லியம் ஷெல்டன் 1949ஆம் ஆண்டில் வெளியிட்டார். அமெரிக்காவின் தொடக்ககாலப் பெரிய செப்புச் செண்ட் நாணயங்களுக்காக உருவாக்கப்பட்ட இம்முறையில் 1 முதல் 70 வரையான எண்கள் பயன்படுத்தப்பட்டன. மிகவும் தேய்ந்த நாணயத்தின் விலையைப் போல் 70 மடங்கு விலை பெறும் நாணயத்துக்கு 70 என்ற எண் வழங்கப்பட்டது. விலைக்கும் எண்ணுக்கும் இருந்த இத்தொடர்பு நாளடைவில் மறைந்தது. எண்கள் மட்டும் நிலைத்தன. அமெரிக்க நாணயவியல் சங்கம் 1977இல் வெளியிட்ட தரப்படுத்தல் நூல் இந்த அளவுகோலை அனைத்து அமெரிக்க நாணயங்களுக்கும் விரிவுபடுத்தியது.

ஷெல்டன் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த சிறந்த செண்ட் நாணயங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் தரம் குறைந்த நாணயங்களை வைத்திருந்தார் என்பது பின்னாளில் தெரியவந்தது. நாணயத்தை இடம் மாற்றி வைக்கும் மோசடி உறைகள் தோன்றுவதற்கு முன்பே இருந்தது என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

நாணயங்கள் உண்மையானவையா எனச் சோதித்துச் சான்றளிப்பதற்காக அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972இல் அனாக்ஸ் என்னும் சேவையைத் தொடங்கியது. 1979 முதல் அச்சேவை தரத்தையும் மதிப்பிட்டு, நாணயத்தின் ஒளிப்படம் கொண்ட சான்றிதழை வழங்கியது. எனினும் சான்றிதழும் நாணயமும் தனித்தனியாக இருந்ததால் ஒரு நாணயத்தின் சான்றிதழை வேறொரு நாணயத்துடன் சேர்த்து விற்க முடிந்தது. இக்குறையைப் போக்கும் வகையில் நாணயத்தையும் சீட்டையும் ஒரே உறையில் வைத்து மூடும் முறை பரவலானது. 1986இல் செயற்படத் தொடங்கிய பி.சி.ஜி.எஸ். நிறுவனமும், 1987இல் தொடங்கப்பட்ட என்.ஜி.சி. நிறுவனமும் இம்முறையை நிலைபெறச் செய்தன. இவ்விரு நிறுவனங்களும் தனித்தனியே கோடிக்கணக்கான நாணயங்களை மதிப்பிட்டுள்ளன.

உறையின் அமைப்பு

உறை இரண்டு நெகிழித் தகடுகளால் ஆனது. நாணயம் அவற்றின் நடுவே ஒரு வளையத்தினுள் அல்லது சிறு பிடிகளுக்கிடையே வைக்கப்படும். தகடுகளின் ஓரங்கள் மீயொலி அதிர்வினால் உருக்கி ஒட்டப்படுகின்றன. முறையாக ஒட்டிய உறையை அடையாளம் தெரியாமல் திறந்து மூடுவது கடினம்.

சீட்டில் பொதுவாகப் பின்வரும் விவரங்கள் காணப்படும்:

• நாணயத்தின் ஆண்டு, மதிப்பு, நாணயச்சாலைக் குறி
• தரம். எடுத்துக்காட்டாக எம்.எஸ்.-65 என்பது புழக்கத்துக்கு வராத நாணயம் என்பதையும், 60 முதல் 70 வரையான படிகளில் அதன் இடம் 65 என்பதையும் காட்டும்
• சான்று எண்ணும் பட்டைக்குறியும்
• முப்பரிமாணப் படிமம் முதலிய பாதுகாப்புக் குறிகள்

மோசடி வகைகள்

• போலி உறையில் போலி நாணயம். 2008ஆம் ஆண்டில், தன் உறையைப் போன்ற போலி உறைகள் சீனாவில் தயாரிக்கப்பட்டு இணைய ஏலங்களில் விற்கப்படுவதாக பி.சி.ஜி.எஸ். எச்சரித்தது. அவ்வாண்டுக்குப் பின் இவ்வகை மோசடி பரவலாக அறியப்பட்டது.
• போலி உறையில் உண்மை நாணயம். குறைந்த தரமுடைய உண்மை நாணயத்துக்கு உயர்ந்த தரம் அச்சிட்ட சீட்டு இணைக்கப்படும். உயர்ந்த படிகளில் ஒரு படி வேறுபாடு கூட விலையைப் பல மடங்கு உயர்த்தக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.
• உண்மை உறையில் மாற்றப்பட்ட நாணயம். உறை பிளக்கப்பட்டு, நாணயம் மாற்றப்பட்டு, மீண்டும் ஒட்டப்படும்.
• பெயரளவிலான தரச்சான்று. விற்பனையாளரே ஒரு நிறுவனப் பெயரை உருவாக்கிச் சீட்டு அச்சிட்டுக்கொள்வது. இங்கு உறை எதன் போலியும் அன்று. ஆனால் அதில் குறித்த தரத்துக்குப் பொறுப்பேற்பவர் எவரும் இல்லை.

ஆய்வு முறைகள்

சான்று எண்ணைச் சரிபார்த்தல்

தரப்படுத்தல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் சான்று எண்ணை உள்ளிட்டால் அவ்வெண்ணுக்குரிய நாணயத்தின் விவரம் கிடைக்கும். விவரம் சீட்டுடன் பொருந்தவில்லை எனில் உறை ஐயத்துக்குரியது. விவரம் பொருந்துவதால் மட்டும் நாணயம் உண்மையாகிவிடாது. ஏல ஒளிப்படங்களில் காணப்படும் உண்மையான எண்களையே போலி செய்வோர் நகலெடுக்கின்றனர். எனவே ஓர் எண்ணைக் கொண்ட பல போலி உறைகள் சந்தையில் உலவக்கூடும்.

சீட்டிலுள்ள பட்டைக்குறியை அல்லது விரைவுக்குறியை வருடும்போது திறக்கும் பக்கம் நிறுவனத்தின் உண்மையான தளம்தானா என்பதையும் கவனிக்க வேண்டும். தளத்தின் முகவரியைத் தாமே உள்ளிட்டுச் சரிபார்ப்பது பாதுகாப்பானது.

ஒளிப்படத்துடன் ஒப்பிடுதல்

நிறுவனத்திடம் அந்நாணயத்தின் ஒளிப்படம் இருப்பின் அதுவே மிக வலுவான சான்றாகும். புழக்கத்துக்கு வராத நாணயங்களிலும், அவை பைகளில் ஒன்றோடொன்று உரசியதால் சிறு வடுக்கள் இருக்கும். வெள்ளி நாணயங்களில் காலப்போக்கில் நிறமாற்றம் ஏற்படும். இவை இரு நாணயங்களில் ஒரே மாதிரி அமைவதில்லை. முகத்தில் ஒன்று, பின்புலத்தில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று என மூன்று, நான்கு வடுக்களைத் தேர்ந்து ஒப்பிடுவது வழக்கம். ஒளியின் கோணத்துக்கு ஏற்ப நிறம் வேறுபட்டுத் தோன்றக்கூடும் என்பதால் நிறத்தைவிட வடுக்களே நம்பத்தக்கவை.

உறையை ஆராய்தல்

எழுத்துருவின் தடிமன், எழுத்துகளுக்கிடையே உள்ள இடைவெளி, சீட்டின் நிறம், முப்பரிமாணப் படிமத்தின் தெளிவு ஆகியவை அதே காலத்தைச் சேர்ந்த உண்மையான உறையுடன் ஒப்பிடப்படுகின்றன. ஓரங்களில் வெண்மை படர்தல், விரிசல், பசையின் தடம் ஆகியவை உறை திறக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு அறிகுறிகளாகும்.

நிறுவனங்கள் தம் உறைகளின் வடிவத்தை அவ்வப்போது மாற்றியுள்ளதால் வடிவம் காலத்தைக் காட்டும். பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தின் முதல் தலைமுறை உறைகளில் நாணயம் தளர்வாக இருந்து ஆட்டும்போது ஒலி எழுப்பியது. என்.ஜி.சி. நிறுவனத்தின் தொடக்ககால உறைகள் சிலவற்றில் நாணயத்தைச் சுற்றிக் கருநிறம் இருந்தது. பழைய வடிவ உறையில், பிற்காலத்தில் வழங்கப்பட்ட சான்று எண் காணப்பட்டால் அது முரண்பாடாகும்.

2020 முதல் பி.சி.ஜி.எஸ். தன் உறைகள் சிலவற்றில் அண்மைப்புலத் தொடர்புச் சில்லைப் பொருத்தி வருகிறது. கைபேசி மூலம் இதைப் படிக்கலாம்.

நாணயத்தை ஆராய்தல்

உறையின் ஊடாக நாணயத்தை எடையிடவோ அதன் அடர்த்தியை அளக்கவோ இயலாது. எடுத்துக்காட்டாக, மோர்கன் டாலரின் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், வெள்ளியின் அளவு 90 விழுக்காடு ஆகும். இவற்றுள் விட்டத்தை மட்டுமே ஓரளவு மதிப்பிட முடியும். எனவே உருப்பெருக்கி கொண்டு மேற்பரப்பை நோக்குவதே முதன்மையான வழியாகும். வார்ப்பு முறையில் செய்த போலிகளில் நுண்துளைகளும் மழுங்கிய எழுத்துகளும் காணப்படும். உண்மை நாணயத்திலிருந்து படியெடுத்த அச்சினால் செய்த போலிகளில், மூல நாணயத்தில் இருந்த வடுக்கள் எல்லா நாணயங்களிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் காணப்படும்.

அரிய நாணயங்களுக்கு அச்சின் தனி அடையாளங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. 1893ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் 1,00,000 மோர்கன் டாலர்கள் மட்டுமே அச்சிடப்பட்டன. இவை ஒரே முன்பக்க அச்சினால் ஆனவை. அதில் லிபர்ட்டி என்னும் சொல்லின் டி எழுத்தினுள் ஒரு மெல்லிய சாய்வான மேடுக்கோடு உண்டு. வேறு நாணயச்சாலையில் அச்சிட்ட 1893ஆம் ஆண்டு நாணயத்தில் எஸ் குறியை ஒட்டி உருவாக்கிய போலியில் இக்கோடு இராது.

காந்தம் நெகிழியின் ஊடாகவும் செயற்படும். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், அமெரிக்கச் செண்ட் நாணயங்கள் துத்தநாகம் பூசிய எஃகினால் செய்யப்பட்டன. தவறுதலாக வெண்கலத்தில் அச்சான சில மட்டும் மிகவும் அரியவை. எஃகுச் செண்டின் மீது செம்பு பூசி அவ்வரிய நாணயம் என விற்பது பழைய மோசடியாகும். அத்தகைய போலி காந்தத்தால் ஈர்க்கப்படும். காந்தத்தால் ஈர்க்கப்படாதது உண்மை என்றும் கொள்ள முடியாது. 1948ஆம் ஆண்டின் வெண்கலச் செண்டில் 8 என்னும் இலக்கத்தைச் செதுக்கி 3 ஆக்கிய போலிகளும் உள்ளன.

சிறு ஓ டாலர்கள்

தரப்படுத்தல் நிறுவனங்களே தவறக்கூடும் என்பதற்குச் சிறு ஓ டாலர்கள் எடுத்துக்காட்டாகும். நியூ ஓர்லியன்ஸ் நாணயச்சாலையைக் குறிக்கும் ஓ எழுத்து வழக்கத்தைவிடச் சிறியதாக அமைந்த 1896, 1900, 1902ஆம் ஆண்டுகளின் மோர்கன் டாலர்கள் நெடுங்காலம் அரிய உண்மை வகைகளாகக் கருதப்பட்டன. முன்னணி நிறுவனங்களும் அவற்றுக்குத் தரச்சான்று வழங்கியிருந்தன. மூன்று ஆண்டுகளின் நாணயங்களிலும் பின்பக்கத்தில் ஒரே வகையான குறைகள் காணப்பட்டதால் அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவை எனத் தெரிந்தது. அவை போலி என 2005இல் பி.சி.ஜி.எஸ். அறிவித்தது. ஒரு டாலர் நாணயத்திலுள்ள வெள்ளியின் விலை அக்காலத்தில் ஒரு டாலரைவிட மிகக் குறைவாக இருந்ததால், வெள்ளியிலேயே போலி செய்தும் ஆதாயம் பெற முடிந்தது.

சட்டம்

ஐக்கிய அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம், நாணயங்களின் நகல்களில் அவை நகல் எனப் பொறிக்கப்பட வேண்டும் என விதிக்கிறது. 2014 டிசம்பரில் இயற்றப்பட்ட சேகரிப்பு நாணயப் பாதுகாப்புச் சட்டம், போலி விற்பனைக்கு அறிந்தே துணைபுரிவோரையும் உள்ளடக்கியது. தரப்படுத்தல் நிறுவனங்களின் வணிகக் குறிகளைப் போலியாகப் பயன்படுத்துவதற்கு எதிரான தீர்வுகளையும் அது விரிவாக்கியது.

வரம்புகள்

மேற்கூறிய சோதனைகள் எதுவும் தனித்து முடிவானது அன்று. எண்ணைச் சரிபார்த்தல் சீட்டின் விவரத்தை மட்டுமே உறுதிசெய்கிறது. சில்லு உறையைப் பற்றியே கூறுகிறது. ஒளிப்பட ஒப்பீடு, படம் எடுக்கப்பட்ட நாணயங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஐயம் தீராதபோது நாணயத்தை உறையுடன் நிறுவனத்துக்கே அனுப்பி மறு ஆய்வு கோருவது வழக்கம். உறையை உடைத்தால் எடையையும் விளிம்பையும் சோதிக்க முடியும். ஆனால் அவ்வுறையைச் சார்ந்த உத்தரவாதம் அத்துடன் இழக்கப்படும். இதனால் விலை கொடுப்பதற்கு முன்பே சோதனைகளை முடிப்பதும், ஐயமிருந்தால் திருப்பித் தரும் உரிமையுடன் வாங்குவதும் சேகரிப்பாளர்களால் பரிந்துரைக்கப்படுகின்றன.